காலிக் கட்டங்களைச் சோதித்தல்

ஹைதராபாத்திலிருந்து மும்பை நெடுஞ்சாலையில் பட்டான்செருவை நோக்கிப் போனால், லிங்கம்பள்ளியைத் தாண்டியதும் ராமச்சந்திராபுரம் வந்துவிடும். ஊரார் வாயில் அது ஆர்.சி.புரம். 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு பெல் நிறுவனத்துக்கென்று எழுந்த ஆலைகளில் இரண்டு உடன்பிறப்புகள் போல: கொதிகலன்களுக்குத் திருச்சி திருவெறும்பூர், டர்பைன்களுக்கு ராமச்சந்திராபுரம். நீராவி டர்பைன், கம்ப்ரசர் என்று தொடங்கி, பின்னாளில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தொழில்நுட்ப உரிமத்தோடு வாயு டர்பைன்களும் இந்த ஆலையில் உருவாகத் தொடங்கின. ஸ்டேட் மெஷின் என்றால் என்ன, அதைச் சோதிக்கும் மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிப்பவர்களுக்கு வாயு டர்பைனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அதையே துணைக்கு வைத்துக்கொள்கிறேன்.

வாயு டர்பைன் தானாகக் கிளம்பாது. நின்றிருக்கும் ரோட்டரை முதலில் ஒரு மோட்டாரோ டீசல் எஞ்சினோ சுழற்றிவிட வேண்டும். வேகம் சற்று ஏறியதும், எரிபொருள் வால்வு மூடியிருக்கும்போதே காற்று மட்டும் உள்ளே ஓடும். முந்தைய முயற்சியில் எரியாமல் தங்கிய வாயு இருந்தால் அதை வெளியே தள்ளுவதற்காக. இதற்குப் பர்ஜ் என்று பெயர். பிறகுதான் எரிபொருள் திறக்கும், ஸ்பார்க் பிளக் பொறி தட்டும், ஃப்ளேம் டிடெக்டர் சுடரைத் தேடும். வழக்கமான அமைப்பில் 60 விநாடிக்குள் சுடர் தெரியாவிட்டால் எரிபொருளை மூடிவிட வேண்டும். தெரிந்தால் ஏறத்தாழ ஒரு நிமிடம் வார்ம்-அப், அதன்பின் வேகமேற்றம். ரோட்டர் தன் சொந்த பலத்தில் ஏறத் தொடங்கியபின் ஸ்டார்ட்டிங் மோட்டார் கழன்றுகொள்ளும். 50 ஹெர்ட்ஸ் மின்கட்டமைப்போடு நேரடியாக இணையும் பெரிய இயந்திரம் என்றால் நிமிடத்துக்கு 3000 சுற்றில் நிற்கும், சிங்க் ஆகும், பிரேக்கர் மூடும், லோடு ஏறும்.

நிறுத்துவது இதே படிகளைத் தலைகீழாக இறங்குவது அல்ல. லோடு இறக்கி, பிரேக்கர் திறந்து, சுடர் அணைந்த பிறகும் ரோட்டரை மணிக்கணக்கில் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா விட்டால் சூட்டில் வளைந்துவிடும். இதற்கெல்லாம் மேல் ட்ரிப் இருக்கிறது. அதிவேகம், வெளியேறும் வாயுவில் அதிக வெப்பம், சுடர் அணைதல், எண்ணெய் அழுத்தம் குறைதல், அதிர்வு: எது வந்தாலும் எரிபொருள் உடனே மூட வேண்டும். ட்ரிப் ஆன இயந்திரம், காரணம் நீங்கியதும் தானாகக் கிளம்பிவிடக் கூடாது. ஆபரேட்டர் வந்து ரீசெட் செய்ய வேண்டும்.

ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஸ்பீட்ட்ரானிக் கட்டுப்பாட்டு அமைப்பைக் கையாண்டவர்களுக்கு 14எச்ஆர், 14எச்எம், 14எச்ஏ, 14எச்எஸ் என்ற நான்கு வேக அடையாளங்கள் மனப்பாடம். ரோட்டர் நின்றிருக்கிறது, தீமூட்டும் வேகத்தை எட்டியது, வேகமேற்றத்தில் இருக்கிறது, இயக்க வேகத்தை எட்டியது என்பவை அவை. எண்களாக ஏறி இறங்கும் வேகத்தை நான்கு படிகளாக வெட்டி, எந்தப் படியில் எதை அனுமதிக்கலாம் என்று தீர்மானிப்பதுதான் அங்கே கட்டுப்பாட்டு நிரலின் வேலை. ஸ்டேட் மெஷின், தமிழில் நிலைப்பொறி, என்பது இதுவே. குறிப்பிட்ட சில நிலைகள், அவற்றில் வரக்கூடிய நிகழ்வுகள், எந்த நிலையில் எந்த நிகழ்வு வந்தால் அடுத்த நிலை எது என்ற விதி.

இந்த விதியைக் காகிதத்தில் வட்டங்களும் அம்புகளுமாக வரைவது வழக்கம். அட்டவணையாக எழுதிப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படும். பத்து நிலைகள், பதினைந்து நிகழ்வுகள் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் 150 கட்டங்கள். படத்தில் 25 அம்புகள் இருந்தால் 25 கட்டங்கள் நிரம்பும். மீதி 125 கட்டங்கள் காலி. வார்ம்-அப் நடக்கும்போது பிரேக்கரை மூடு என்ற கட்டளை வந்தால்? ரோட்டர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போது மறுபடி ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால்? படம் எதுவும் சொல்லாது. காலிக் கட்டத்துக்குக் குறைந்தது மூன்று அர்த்தங்கள் இருக்க முடியும். கண்டுகொள்ளாமல் விடலாம், மறுத்து அலாரம் கொடுக்கலாம், உடனே ட்ரிப் செய்யலாம். நிரலை எழுதியவர் தனக்குத் தோன்றிய ஒன்றை எடுத்துக்கொண்டிருப்பார், பெரும்பாலும் தான் முடிவெடுத்தோம் என்றே தெரியாமல். என் வாதம் இதுதான்: நிலைப்பொறிக்கு எழுதப்படும் சோதனைகளில் பெரும்பகுதி அந்த 25 கட்டங்களைச் சுற்றியே திரிகிறது. விபத்துகளோ 125க்குள் இருக்கின்றன. விடை பொருந்துகிறதா என்று பார்க்க நமக்கென்று செய்துகொள்ளும் மேட்சர்களுக்கு மதிப்பு வருவது அந்தக் காலிக் கட்டங்களைச் சோதிப்பதைச் சுலபமாக்கும்போதுதான்.

நிலைப்பொறிக் கோட்பாட்டின் தொடக்க காலக் கட்டுரைகளில் ஒன்று சோதனையைப் பற்றிய கேள்வியிலிருந்தே எழுந்தது என்பது பலர் கவனிக்காத செய்தி. ஜார்ஜ் மீலி 1955இலும் எட்வர்ட் மூர் 1956இலும் எழுதிய கட்டுரைகளிலிருந்துதான் மீலி பொறி, மூர் பொறி என்ற பெயர்கள் வந்தன. மூரின் கட்டுரை கேட்ட கேள்வி இது: மூடிய பெட்டிக்குள் ஒரு பொறி இருக்கிறது, உள்ளீடு கொடுத்து வெளியீட்டைப் பார்க்க மட்டுமே முடியும், உள்ளே இப்போது எந்த நிலை என்று கண்டுபிடிக்க முடியுமா? அவர் நிறுவியவற்றில் ஒன்று இன்றும் சோதனையாளரை அடக்கத்தோடு இருக்கச் செய்யும். எந்தச் சோதனை வரிசையை எடுத்துக்கொண்டாலும், அதற்கு அதே விடைகளைத் தந்துவிட்டு வேறிடத்தில் மாறுபடும் இன்னொரு பொறி உண்டு. 1978இல் ட்சுன் சாவ் இதற்கு ஒரு வழி சொன்னார்: உள்ளே இருக்கும் நிலைகளின் எண்ணிக்கைக்கு ஒரு மேல்வரம்பு தெரிந்தால், எல்லா நிலைகளையும் தொட்டு, எல்லா உள்ளீடுகளையும் கொடுத்து, போய்ச் சேர்ந்த நிலை எது என்று அடையாளம் காட்டும் வரிசைகளை இணைத்து முழுமையான சோதனைத் தொகுப்பைக் கட்டலாம். மேல்வரம்பு தெரியாவிட்டால் உத்தரவாதம் இல்லை. நிரலாளர்கள் இந்தக் கோட்பாட்டைப் படிக்காமலே அன்றாடம் அதன் எல்லைக்குள் நடமாடுகிறார்கள்.

மேட்சர் என்பது இதையெல்லாம்விட எளிய, இளைய கருவி. நிரல் தந்த விடை எதிர்பார்த்ததோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. பொருந்தாதபோது எங்கே, எப்படிப் பொருந்தவில்லை என்று வாயைத் திறந்து சொல்வது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிய பொருள்தான் மேட்சர். ஜாவா உலகில் ஹாம்கிரெஸ்ட் நூலகம் இதைப் பரவலாக்கியது; 2007இல் ஜேயூனிட் 4.4 அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ரூபியில் ஆர்ஸ்பெக், ஜாவாஸ்கிரிப்டில் ஜெஸ்ட் என்று எல்லாவற்றிலும் புரோகிராமர் தன் தொழிலுக்கேற்ற மேட்சரை எழுதிச் சேர்க்க வழி இருக்கிறது. நிலைப்பொறிகளுக்கென்றே ஆயத்த மேட்சர்களும் உண்டு. ரூபியில் ஏஏஎஸ்எம் என்ற நூலகம், இந்த நிலையிலிருந்து அந்த நிலைக்கு இந்த நிகழ்வால் மாற வேண்டும் என்பதை ஏறக்குறைய வாக்கியம் போலவே எழுதவிடும்.

வசதிதான். ஆனாலும் அந்த வகை மேட்சரை நம்பி நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. நிரலில், பர்ஜிலிருந்து ஃபயரிங்குக்கு, தீமூட்டு நிகழ்வால் என்று ஒரு வரி. சோதனையிலும் அதே வரி. முதல் வரியில் தப்பு இருந்தால் இரண்டாவதிலும் இருக்கும், ஏனென்றால் இரண்டையும் எழுதியவர் ஒருவரே, பார்த்து எழுதிய மூலமும் ஒன்றே. சோதனையின் எதிர்பார்ப்பு நிரலின் அட்டவணையிலிருந்து வரவே கூடாது. ஆலைகளில் காஸ் அண்ட் எஃபெக்ட் சார்ட் என்று ஒன்று வைத்திருப்பார்கள்: இடப்பக்கம் காரணங்கள், மேலே விளைவுகள், சந்திக்கும் கட்டத்தில் குறி. டர்பைனை இயக்குபவரும் பாதுகாப்பு அதிகாரியும் கையெழுத்துப் போட்ட தாள் அது. மேட்சர் அந்தத் தாளோடு பேச வேண்டும். உள்ளே இருக்கும் நிலை மாறியின் பெயரைக் கேட்டுத் திருப்தியடையாமல் வால்வு, சுடர், பிரேக்கர் என்று வெளியே தெரிவதைக் கேட்க வேண்டும். நிலையின் பெயர் ஃபயரிங் என்றே இருக்கும். வால்வு திறக்கவில்லை என்றால் அந்தப் பெயரால் யாருக்கு என்ன பயன்?

இனி மறுப்பைச் சோதிக்கும் மேட்சர். இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள், அதனால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

பர்ஜ் முடியாமல் தீமூட்டக் கூடாது என்பது விதி. சோம்பேறித்தனமான சோதனை எப்படி இருக்கும்? இயந்திரத்தைக் கிளப்பு, தீமூட்டு நிகழ்வை அனுப்பு, நிலை ஃபயரிங் இல்லை என்று உறுதிசெய். பச்சை விளக்கு எரியும். எரிந்ததற்கான காரணங்களை எண்ணிப் பாருங்கள். எண்ணெய் பம்ப் ஓடவில்லை என்று சோதனைச் சூழல் சொன்னதால், இயந்திரம் ரெடி நிலையை விட்டே நகராமல் இருந்திருக்கலாம். நிகழ்வின் பெயரில் எழுத்துப்பிழை இருந்து, தெரியாத நிகழ்வுகளை நூலகம் சத்தமில்லாமல் தள்ளியிருக்கலாம். நிரல் பிழை நிலைக்குள் விழுந்திருக்கலாம். பிழை நிலையும் ஃபயரிங் அல்லதான். நிலைமாற்றம் பின்னணியில் நடப்பதாக இருந்து, மாறுவதற்குள் நாம் பார்த்துவிட்டிருக்கலாம். நான்கிலும் சோதனை பாஸ். பர்ஜ் விதி நிரலில் இல்லவே இல்லை என்றாலும் பாஸ். ஒன்று நடந்தது என்று காட்ட ஒரு வழிதான் உண்டு; நடக்கவில்லை என்று காட்டவோ ஆயிரம் தவறான வழிகள் இருக்கின்றன. பொது மேட்சரை எடுத்து, முன்னால் இல்லை என்று சேர்த்துவிடுவது போதாமல் போவது இதனால்தான். ஆர்ஸ்பெக்கில் மறுப்புக்கென்று தனி மெத்தட் எழுத இடம் கொடுத்திருக்கிறார்கள். நிலைப்பொறிகளுக்கு அது கட்டாயம் என்பேன்.

நல்ல மறுப்பு மேட்சர் முதலில், இயந்திரம் உண்மையிலேயே பர்ஜ் நிலையில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. சோதனையே செல்லாது என்று நிறுத்திவிடும். அனுப்பும் நிகழ்வு இந்தப் பொறிக்குத் தெரிந்த நிகழ்வா என்று பார்க்கும். வரிசையில் காத்திருக்கும் வேலைகள் எல்லாம் முடியும்வரை பொறுக்கும். பிறகு நிலை மாறவில்லை என்பதோடு, எரிபொருள் வால்வு ஒரு கணமும் திறக்கவில்லை, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் போகவில்லை என்பதையும் பார்க்கும். நிலை நகராமல் நிற்க, வெளியீடு மட்டும் ஒரு ஸ்கேன் நேரம், அதாவது நிரல் ஒரு சுற்று ஓடும் நேரம், துடித்து அடங்குவது கட்டுப்பாட்டு நிரல்களில் நடக்கக்கூடியதே. மறுத்ததற்கு நிரல் சொன்ன காரணம் என்ன என்றும் கேட்கும். பர்ஜ் டைமர் முடியவில்லை என்று மறுத்தால் சரி. எண்ணெய் அழுத்தம் குறைவு என்று மறுத்தால், விடை சரி, கணக்கு தப்பு.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது ஒன்று உண்டு. அதே சூழலில் அந்த ஒரே நிபந்தனையை மட்டும் நிறைவேற்றிவிட்டு அதே நிகழ்வை அனுப்ப வேண்டும். இப்போது இயந்திரம் போக வேண்டும். போனால்தான், முன்பு தடுத்தது அந்த நிபந்தனையே என்று ஆகும். ஆலையில் பெர்மிசிவ் என்று சொல்லப்படும் முன்நிபந்தனைகள் ஏழு இருந்தால், ஏழையும் நிறைவேற்றி ஒரு முறை, ஒவ்வொன்றாகக் குறைத்து ஏழு முறை, ஆக எட்டு ஓட்டம். விமான மென்பொருளுக்கான டிஓ-178பி நெறி 1992இல் மிக அபாயகரமான பிரிவுக்கு விதித்த எம்சி/டிசி என்ற கட்டுப்பாட்டின் உள்ளுயிரும் இதுதான்: ஒவ்வொரு நிபந்தனையும் தனித்து நின்று முடிவை மாற்றுகிறது என்று காட்டு. கையால் எழுதினால் எட்டு நீண்ட சோதனைகள். மேட்சருக்குள் வைத்துவிட்டால் ஒரு வரி. “பர்ஜில், தீமூட்டினால், பர்ஜ் டைமர் முடியும்வரை மறுக்க வேண்டும்” என்ற அந்த வரியை டர்பைன் இயக்கத்தில் பழகிய ஒருவர் படித்து, அப்படி இல்லையே, வேகமும் வந்திருக்க வேண்டுமே என்று திருத்தவும் முடியும்.

தப்பு வெளிப்படும்போது மேட்சர் பேசும் பேச்சும் முக்கியம். ட்ரூ எதிர்பார்த்தோம், ஃபால்ஸ் வந்தது என்ற செய்தியை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்ய முடியாது. இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: “பர்ஜ் நிலையில் தீமூட்டு மறுக்கப்பட வேண்டும். நிலை பர்ஜிலேயே நின்றது. ஆனால் எரிபொருள் வால்வு 2 ஸ்கேன் நேரம் திறந்து மூடியது. அதற்கு முன் வந்த நிகழ்வுகள்: ஸ்டார்ட், ஸ்டாப், ஸ்டார்ட், தீமூட்டு.” முதல் ஸ்டார்ட்டிலிருந்து மிச்சமான ஏதோ ஒன்று இரண்டாவது ஸ்டார்ட்டுக்குள் வந்துவிட்டது என்று படிப்பவருக்கு உடனே சந்தேகம் எழும். டீபக்கர் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

அந்த மிச்சம்தான் அடுத்த சிக்கல். 1999 டிசம்பர் 3ஆம் தேதி செவ்வாயில் இறங்க வேண்டிய நாசாவின் மார்ஸ் போலார் லேண்டர் தொலைந்துபோனது. விசாரணைக் குழு மிக வாய்ப்புள்ள காரணமாகச் சொன்னது இது. மேலேயே கால்கள் விரியும்போது ஏற்பட்ட குலுக்கலை, தரை தொட்டதாக சென்சார் தவறாகச் சொன்னது. அந்தச் செய்தியை மென்பொருள் நினைவில் வைத்துக்கொண்டது. சுமார் 40 மீட்டர் உயரத்தில், தரை தொட்டால் எஞ்சினை நிறுத்து என்ற நிலைக்குள் நுழைந்ததும் அந்தப் பழைய நினைவைப் படித்து எஞ்சினை நிறுத்தியது. ஒவ்வொரு நிலையும் தனித்தனியாகச் சரி. ஒவ்வொரு அம்பும் சரி. ஒரு நிலையில் பதிந்த குறிப்பு துடைக்கப்படாமல் அடுத்த நிலைக்குள் போனதுதான் கேடு. படத்தில் இதைக் காட்ட அம்பே கிடையாது.

இதற்கு ஒரு மேட்சர் செய்ய முடியும், செய்ய வேண்டும். ஒரே நிலைக்கு இரண்டு பாதைகளில் போ: ஒன்று நேர்ப்பாதை, இன்னொன்று வழியில் சுடர் ஒரு கணம் தெரிந்து மறைந்தது, ஸ்டார்ட் பாதியில் ரத்தானது போன்ற இடையூறுகளோடு. போய்ச் சேர்ந்தபின் இரண்டுக்கும் ஒரே நிகழ்வுகளைக் கொடு. நடத்தை ஒன்றாகவே இருக்க வேண்டும். “எந்த வழியில் வந்தாலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும்” என்று இதற்குப் பெயரே வைக்கலாம். ட்ரிப் ஆகி ரீசெட் ஆன டர்பைன் முதல் நாள் கிளம்பும் டர்பைனைப் போலவே பர்ஜ் டைமரை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா? முந்தைய பர்ஜில் ஓடிய விநாடிகளை வரவு வைத்துக்கொள்கிறதா? வரவு வைத்தால், எரியாத வாயு உள்ளே இருக்கும்போதே பொறி தட்டும்.

நிலைகளின் வரிசை, காலம் இரண்டையும் பற்றிய மேட்சர்கள் இன்னொரு குடும்பம். ஃபயரிங்குக்கு முன் எப்போதும் பர்ஜ் இருந்திருக்க வேண்டும். ட்ரிப்புக்குப் பின் ரீசெட் வராமல் எந்த ஸ்டார்ட்டும் இருக்கக் கூடாது. இப்படிப்பட்ட வாக்கியங்களுக்கு அமீர் புனுவேலி 1977இல் கால தர்க்கத்தை மென்பொருளுக்குள் கொண்டுவந்தார். கெட்டது ஒருபோதும் நடக்காது, நல்லது என்றாவது நடக்கும் என்ற இரண்டு வகை வாக்கியங்களையும் லெஸ்லி லாம்போர்ட் அதே ஆண்டில் பிரித்துக் காட்டினார். இந்தப் பிரிவு சோதனையாளருக்கு நேரடியாக உதவும். முதல் வகையை முடிவுள்ள ஓட்டம் ஒன்றிலேயே பொய்யாக்கிவிடலாம். இரண்டாம் வகையை முடியாது, ஏனென்றால் எங்கே நிறுத்தினாலும், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நடந்திருக்கும் என்று சொல்ல இடமுண்டு. எனவே என்றாவது என்ற சொல்லை மேட்சருக்குள் விடாதீர்கள். 60 விநாடிக்குள் என்று எழுதுங்கள். டர்பைன்காரர்கள் ஏற்கெனவே அப்படித்தான் எழுதுகிறார்கள்.

60 விநாடியைச் சோதிக்க 60 விநாடி காத்திருக்க வேண்டாம். கடிகாரத்தைப் போலியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் போலிக் கடிகாரத்தை ஒரே தாவலில் 60 விநாடி நகர்த்துவது ஏமாற்றும். உண்மையான கட்டுப்பாட்டுக் கருவி சில பத்து மில்லி விநாடிகளுக்கு ஒரு முறை எல்லா உள்ளீடுகளையும் படித்து, தர்க்கத்தை ஓட்டி, வெளியீடுகளை எழுதும். ஒரே தாவலில் போனால் இடையிலுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்கேன்கள் காணாமல் போகும். டைமர் முடிந்ததும் சுடர் தெரிந்ததும் ஒரே ஸ்கேனில் விழுந்து, எது முதல் என்பது நிரல் வரிகளின் வரிசையைப் பொறுத்ததாகிவிடும். மேட்சர் கடிகாரத்தை ஸ்கேன் ஸ்கேனாகவே நகர்த்த வேண்டும். அந்த ஒரே ஸ்கேன் மோதலை வேண்டுமென்றே உண்டாக்கியும் பார்க்க வேண்டும்: சுடர் சரியாக 60ஆம் விநாடியில் தெரிந்தால் என்ன? அந்தக் கட்டமும் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.

மனிதர் யோசித்து எழுதும் வரிசைகள் போதாது என்று கண்டவர்கள் வரிசைகளை இயந்திரத்திடமே விட்டார்கள். ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து கோன் கிளாசன், ஜான் ஹியூஸ் இருவரும் 2000இல் வெளியிட்ட குவிக்செக் இதன் தொடக்கம். பைத்தானில் ஹைப்பாதிசிஸ் நூலகம் நிலைப்பொறிகளுக்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறது. நிகழ்வுகளைக் கண்டபடி அனுப்பிக்கொண்டே இருக்கும். இருநூறாவது நிகழ்வில் விதி மீறப்பட்டால், அந்த இருநூறையும் சுருக்கிச் சுருக்கி, அதே மீறலை உண்டாக்கும் நான்கு நிகழ்வுகளாகக் கொடுத்துவிடும். இந்த முறையில் மேட்சர் நீதிபதியின் இடத்துக்குப் போகிறது. எந்த வரிசை வரும் என்று முன்கூட்டித் தெரியாததால், இங்கே போய்ச் சேர வேண்டும் என்று அதனால் சொல்ல முடியாது. எங்கே போனாலும் இது மீறப்படக் கூடாது என்றுதான் சொல்ல முடியும். மறுப்பு மேட்சர்களை ஒழுங்காக எழுதிவைத்தவர்களுக்கே இந்த முறை பலன் தரும். சேருமிடத்தை மட்டும் பார்க்கும் மேட்சர்கள் இங்கே வேலைக்கு ஆகாது.

ராமச்சந்திராபுரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு நிலைப்பொறி தண்டவாளத்தில் ஓடுகிறது. ரயில்கள் மோதாமல் தடுக்கும் கவச் அமைப்பின் தொடக்க காலக் களச் சோதனைகள் லிங்கம்பள்ளி – விகாராபாத் தடத்தில்தான் நடந்தன. 2022 மார்ச் 4ஆம் தேதி குல்லகூடா – சிட்கிட்டா நிலையங்களுக்கிடையே, ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் எஞ்சினில் இருக்க, எதிரெதிரே வந்த ரயிலைக் கவச் 380 மீட்டர் முன்பே நிறுத்தியது. நாடு முழுக்கப் படமாகப் போன காட்சி அது. கவச்சின் எஞ்சின் பகுதி ஸ்டாண்ட் பை, ஸ்டாஃப் ரெஸ்பான்சிபிள், ஃபுல் சூப்பர்விஷன், ஷண்ட், ட்ரிப், போஸ்ட் ட்ரிப் போன்ற நிலைகளுக்குள் இயங்குகிறது. ஐரோப்பாவின் இடிசிஎஸ் அமைப்பிலும் இதே போன்ற நிலைகள் உண்டு. அங்கே ட்ரிப்பிலிருந்து போஸ்ட் ட்ரிப்புக்குப் போக, ரயில் முழுதாக நின்றிருக்க வேண்டும், ஓட்டுநரும் ஒப்புக்கொள்ள வேண்டும். டர்பைனின் ரீசெட்டும் இதுவும் ஒரே விதியின் இரண்டு உருவங்கள்.

அந்த 380 மீட்டர் மக்களின் நம்பிக்கைக்கு அவசியமானது. பொறியியல் சான்று என்ற அளவில் அது நிரம்பிய ஒரு கட்டம் மட்டுமே. கவச்சுக்கு விதித்திருக்கும் எஸ்ஐஎல்-4 தரம், அபாயகரமான தவறு மணிக்குப் பத்துக் கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. இதைத் தண்டவாளத்தில் ரயில் ஓட்டி நிரூபிக்க யாராலும் முடியாது. ரயில் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போது ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்தினால், ரேடியோ செய்தி பாதியில் அறுந்து பழைய செய்தி தாமதமாக வந்தால், ஷண்ட் நிலையில் இருக்கும்போது முழுக் கண்காணிப்புக்கான அனுமதி வந்தால் என்று கட்டம் கட்டமாகச் சிமுலேட்டரில் நிரப்புவதே வழி. அப்படி நிரப்பும் ஆயிரக்கணக்கான சோதனைகளைச் சான்றளிப்பவர் ஒருவர் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும். விதிப்புத்தகத்தின் மொழியில் எழுதிய மேட்சர் இல்லாமல் அதை எப்படிப் படிப்பது?

மேட்சர்களுக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் ஒன்று வலுவானது. மேட்சருக்குள் பிழை இருந்தால் அதை நம்பிய எல்லாச் சோதனைகளும் ஒன்றாகப் பச்சை காட்டும். ஒவ்வொரு சோதனையும் தன் சரிபார்ப்பைத் தானே எழுதியிருந்தால் ஒன்றிரண்டாவது மாட்டியிருக்கும். உண்மைதான். அதற்கு மருந்து மேட்சரைக் கைவிடுவது அல்ல, மேட்சரையே சோதிப்பது. டிமிலோ, லிப்டன், சேவர்ட் மூவரும் 1978இல் முன்வைத்த பிறழ்வுச் சோதனை இதற்கென்றே செய்தது போல நிலைப்பொறிகளுக்குப் பொருந்துகிறது. சரியான டர்பைன் மாதிரி ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே கெடுங்கள்: ஒரு பெர்மிசிவை நீக்குங்கள், ஒரு காலிக் கட்டத்தில் அம்பைப் போடுங்கள், பர்ஜ் டைமரைத் துடைக்காமல் விடுங்கள், வால்வை ஒரு ஸ்கேன் தாமதமாக மூடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு மேட்சர் சிவப்பாக வேண்டும். சிவப்பாகாதது எதுவோ அதுதான் நாம் உண்மையில் சோதிக்காத விதி. பொதுவான நிரல்களில் பிறழ்வுகள் எண்ணிக்கையில் பெருகி அலுப்பூட்டும். அட்டவணை வடிவ நிரலில் அவற்றைக் கட்டத்துக்கு ஒன்றாக ஒழுங்காக எண்ணிவிடலாம்.

இன்னும் சரியாகத் தீராமல் கிடப்பது இணைநிலைகள். டேவிட் ஹாரெல் 1980களில் இஸ்ரேலின் லாவி போர் விமானத்துக்காக யோசித்து, 1987இல் வெளியிட்ட ஸ்டேட்சார்ட், ஒன்றுக்குள் ஒன்றாகவும் பக்கத்தில் பக்கமாகவும் நிலைகளை அடுக்க வழிசெய்தது. டர்பைன் உண்மையில் ஒரு பொறி அல்ல. ரோட்டர், எண்ணெய் அமைப்பு, எரிபொருள் அமைப்பு, ஜெனரேட்டர் நான்கும் தத்தம் நிலைகளில் ஒரே நேரத்தில் இருக்கின்றன. பத்து, ஐந்து, ஆறு, நான்கு நிலைகள் என்றால் சேர்க்கைகள் 1200. யாரும் இதை அட்டவணையாக எழுதப் போவதில்லை. சேர்க்கைகளைப் பெயரிட்டுச் சோதிக்கும் மேட்சர்கள் இங்கே மூச்சு முட்டுகின்றன. ஸ்பின், டிஎல்ஏ+ மொழிக்கான டிஎல்சி போன்ற மாதிரிச் சரிபார்ப்புக் கருவிகள் எல்லாச் சேர்க்கைகளையும் தேடிப் பார்க்கும். ஆனால் அவை பார்ப்பது மாதிரியை, ஓடும் நிரலை அல்ல.

இப்போதைக்கு நான் கண்டதில் பலன் தருவது, மாறாவிதி மேட்சர் சிலவற்றைச் சிமுலேட்டரிலேயே நிரந்தரமாகப் பொருத்திவிடுவது. யார் எந்தச் சோதனையை எதற்காக ஓட்டினாலும் அவை ஒவ்வொரு ஸ்கேன் முடிவிலும், நான்கு அமைப்புகளின் நிலையையும் ஒரே கணத்தில் படமெடுத்துப் பார்க்கும். ரோட்டர் சுழலும்வரை பேரிங்குக்கு எண்ணெய் போய்க்கொண்டிருக்க வேண்டும். தீமூட்டும் நேரம் கடந்தபின், சுடர் இல்லாமல் எரிபொருள் வால்வு திறந்திருக்கக் கூடாது. 14எச்எஸ் வராமல் பிரேக்கர் மூடியிருக்கக் கூடாது. ட்ரிப் நிற்கும்வரை ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் இருக்கக் கூடாது. சூடான ரோட்டர், சுழற்றுவார் இல்லாமல் நின்றிருக்கக் கூடாது. ஐந்து வரிகள்தான். எண்ணெய் பம்ப்புக்கென்று எழுதிய சோதனை ஓடும்போது பிரேக்கர் விதி மீறப்பட்டால், அதை எழுதியவர் தேடாத பிழையும் அன்றே அவர் மேசைக்கு வந்துவிடும்.